நல்ல சேறு எங்கே கிடைக்கும்?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, எங்கட இறங்குதுறைப் பக்கம் ரெண்டு பெடியள் வந்து வாளியில சேறு அள்ளிக்கொண்டு போனவங்கள். என்னத்துக்கு எண்டு கேட்டன். கூனி மாதிரிச் சின்னப் பூச்சியை உதுக்குள்ள விட்டு, சாகுதோ பிழைக்குதோ எண்டு பாக்கப்போகினமாம். நான் முப்பது வரியமாய் இந்தச் சேத்துக்குள்ள நிக்கிறன், எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே! எண்ணெய் கிடக்கோ பெயின்ற் கிடக்கோ எண்டு மிசினில குடுத்துப் பாத்தால் முடிஞ்சுது. இதென்ன விளையாட்டு?
— கடற்றொழிலாளர், குருநகர்

பதில்: தம்பி, நீங்கள் சேற்றில் நிற்கிறீர்கள். அதைத் தின்பதில்லை, அதற்குள் படுத்துத் தூங்குவதும் இல்லை. அந்தப் பூச்சி இரண்டையும் செய்கிறது. அதனால்தான் உங்களை விட்டுவிட்டு அதைக் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்வேன், மன்னிக்க வேணும். கனடாவின் மேற்குக் கரையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருசம் இந்தப் பூச்சிகளை எண்ணிச் சம்பளம் வாங்கியவன் நான். யாழ்ப்பாணத்தை விட்டுப் போகும்போது எனக்குத் தெரிந்த இறால் எல்லாம் குழம்புச் சட்டிக்குள் கிடந்தவைதான்.

பூச்சியின் பெயர் அம்பிபொட். இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற சாதாழையைக் காலால் கிளறினால் சடசடவென்று துள்ளுமே, அந்தக் குடும்பம். அது கரையில் துள்ளுகிறது, சோதனைக்கு எடுப்பது சேற்றுக்குள் புதைந்து வாழ்கிற உறவு. நீளம் 3 முதல் 5 மில்லிமீற்றர், பச்சையரிசி மணியிலும் சின்னது. தாய் முட்டைகளை வயிற்றுப் பையில் வைத்தே பொரிக்கும். மீன் குஞ்சு மாதிரி நீரோட்டத்தில் மிதந்து வேறிடம் போகிற பருவம் அதற்கு இல்லை. பிறந்த சேற்றிலேயே வளர்ந்து அங்கேயே சாகும். சேறு கெட்டால் ஓட இடமில்லாத குடியானவன் அது.

மிசின் விசயத்துக்கு வருகிறேன். மிசினிடம் காட்மியம் எவ்வளவு என்று கேட்டால் காட்மியத்தைச் சொல்லும், செப்பு என்று கேட்டால் செப்பைச் சொல்லும். கேட்காததைச் சொல்லாது. உங்கள் துறையில் மண்ணெண்ணெய் எஞ்சின் வழிந்தது, வள்ளத்துக்கு அடித்த பெயின்ற் உரிந்தது, மாரி மழைக்கு நகரத்து வாய்க்கால் கொண்டுவந்து கொட்டியது எல்லாம் ஒரே சட்டியில் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஓர் உயிருக்கு என்ன செய்கிறது என்று மிசினுக்குத் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது: சேற்றில் இருக்கிற நஞ்சு முழுவதும் உடம்புக்குள் போகாது. ஒரு பகுதி களிமண்ணோடு ஒட்டிக் கிடக்கும். உள்ளே போவது எவ்வளவு என்று போய்ப் பார்த்தவனைத்தான் கேட்க வேண்டும்.

கனடாவில் துறைமுகச் சேற்றை அள்ளி நடுக்கடலில் கொட்ட அனுமதி கேட்டால் முதலில் இரசாயனப் பரிசோதனைதான். காட்மியம் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம், பாதரசம் 0.75 என்று கோடு கீறி வைத்திருக்கிறார்கள். கோட்டைத் தாண்டினால்தான் சேறு எங்களிடம் வரும், பூச்சிகளிடம் கேட்க.

கேட்கிற விதம் இதுதான். ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தலின் அடியில் 2 சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சேறு. மேலே 800 மில்லிலீற்றர் கடல்நீர், மெல்லிய குழாயால் காற்று. ஒரு நாள் அடங்க விட்டு, எண்ணி 20 பூச்சி. ஒவ்வொரு சேற்றுக்கும் இப்படி ஐந்து போத்தல், ஆக 100 உயிர். பத்து நாள் சாப்பாடு கிடையாது, இரவும் பகலும் விளக்கு எரியும். வெளிச்சம் இருந்தால்தான் அவை சேற்றுக்குள் அடங்கி இருக்கும், இருட்டினால் எழும்பி நீந்தித் திரியும். முதல் நாள் சில பூச்சிகள் தண்ணீரின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு தத்தளிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அவற்றை மெல்ல அமுக்க வேண்டும். நான் அந்த வேலையை யாரையும் செய்ய விடமாட்டேன். என் கை பதமானது என்று எனக்கொரு நினைப்பு.

ஒவ்வொரு நாளும் போய்ப் பார்ப்போம். நல்ல சேறு என்றால் போத்தலில் பார்க்க ஒன்றுமே இருக்காது, எல்லாம் உள்ளே. கெட்ட சேறு என்றால் இரண்டாம் நாளே சில வெளியே வந்து மேலே கிடக்கும். பசியும் வெளிச்சமும் பொறுக்கலாம், உள்ளே இருக்க ஏலாது என்று அர்த்தம். எனக்கு அந்தக் காட்சி, சாவை எண்ணுவதைவிடக் கூடச் சொல்லும்.

பத்தாம் நாள் சேற்றை 0.5 மில்லிமீற்றர் கண் உள்ள அரிதட்டில் கொட்டி அலசி, வெள்ளைத் தட்டில் விட்டு எண்ணுவோம். 20 விட்ட இடத்தில் 13 உயிரோடு, 2 பிணம் என்றால் மிச்சம் 5 எங்கே? செத்துக் கரைந்து போயிற்று என்றுதான் கணக்கு. காணாமல் போனவரும் இறந்தவரே. இந்த வசனத்தை எங்கள் ஊரில் எழுதும்போது கை ஒரு தரம் நிற்கிறது. நான் சொல்வது பூச்சிக் கணக்கு மட்டும்.

இப்போது முக்கியமான இடம். ஐந்து போத்தல் உங்கள் சேறு என்றால், பக்கத்தில் இன்னும் ஐந்து போத்தல் நல்ல சேறு இருக்க வேண்டும். பூச்சியைப் பிடித்த இடத்துச் சேறு, அதற்குப் பழகிய வீடு. அதில் நூற்றுக்குத் தொண்ணூறாவது பிழைக்காவிட்டால் சோதனை முழுவதும் குப்பைக்கு. உங்கள் சேற்றில் எத்தனை செத்தது என்று யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

நான் ஒருமுறை அப்படிக் குப்பைக்குப் போட்டவன். புதிதாக வந்த போத்தல்களைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவினேன், வடிவாக அலசினேன் என்றே நினைத்தேன். பத்தாம் நாள் நல்ல சேற்றுப் போத்தல் ஒன்றில் 20க்கு 8 பிணம், மற்றவற்றிலும் சாவு. கழுவிய போத்தலை அமிலத்தில் ஒரு தரம் தோய்த்து, பிறகு காய்ச்சி வடித்த நீரில் மூன்று தரம் அலச வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம், பேருந்து பிடிக்கிற அவசரம், நான் அமிலத்தில் தோய்க்காமல் விட்டுவிட்டேன். எட்டு இடத்துச் சேறு, 800 பூச்சி, நல்ல சேற்றில் நூறு. எல்லாம் போயிற்று. மேலதிகாரி ஏசவில்லை. அலமாரியைத் திறந்து அமிலப் போத்தலை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே தம்பி, அந்தப் பெடியளை மறுபடி கண்டால் பூச்சியைப் பற்றிக் கேட்காதேங்கோ. “நல்ல சேறு எங்க எடுத்தனீங்கள்?” எண்டு கேளுங்கோ. பதில் இருந்தால் வேலை தெரிந்த பெடியள்.

கேள்வி: எங்கள் பக்கக் கடற்கரையில் சேறு கன்னங்கரேலென்று, கூழ்முட்டை மணத்தோடு இருக்கிறது. பிள்ளைகளை இறங்க விடுவதில்லை. கறுப்பென்றால் நஞ்சுதானே?
— ஆசிரியை, அராலி

பதில்: ரீச்சர், பெரும்பாலும் மறுபக்கம். அந்தக் கறுப்பு எண்ணெய் இல்லை, இரும்புச் சல்பைட்டு. சாதாழையும் கண்டல் இலையும் விழுந்து அழுகுகிற இடத்தில் ஒட்சிசன் தீர்ந்துபோகும். அங்கே வாழ்கிற பக்ரீரியாக்கள் மூச்சுக்குக் கடல்நீரின் சல்பேற்றை எடுத்துக்கொண்டு ஐதரசன் சல்பைட்டை விடும். மணம் அதுதான். அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. எந்தத் தொழிற்சாலையும் இல்லாத கண்டல் காட்டிலும் இதே கறுப்புத்தான் இருக்கும்.

வேடிக்கை இனித்தான். காட்மியம், செப்பு, நிக்கல், ஈயம், நாகம் (துத்தநாகம்) ஆகிய ஐந்து உலோகமும் இந்தச் சல்பைட்டைக் கண்டால் இரும்பைத் தள்ளிவிட்டுத் தாங்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் நீரில் கரையாது. கரையாதது பூச்சியின் உடம்புக்குள் எளிதில் போகாது. இதை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அம்பிபொட்டுகளை வைத்தே காட்டினார்கள்: ஒரே அளவு காட்மியம் போட்ட இரண்டு சேற்றில், சல்பைட்டு குறைந்த சேற்றில் பூச்சி சாகிறது, கூடிய சேற்றில் பிழைக்கிறது. கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற தனிக் கணக்கு அன்றைக்கு ஆட்டம் கண்டது.

அப்படியானால் கறுப்புச் சேறு ஒரு பூட்டிய பெட்டி. யந்திரத்தால் வாய்க்கால் வெட்டி அதைக் கரையில் கொட்டினால் பெட்டி திறக்கும். காற்றுப் பட்டதும் சல்பைட்டு சல்பேற்றாகிவிடும், உலோகம் கையை விட்டு வெளியே வரும். பரவைக்கடலில் வள்ளம் போகப் பாதை ஆழமாக்க வேண்டும் என்று கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முழங்கால் தண்ணீரில் வள்ளத்தைத் தள்ளுகிற பாட்டை நானும் கண்டிருக்கிறேன். வெட்டின சேற்றை எங்கே போடுகிறார்கள் என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் காலை நனைப்பதால் இந்தக் கறுப்பு ஒன்றும் செய்யாது. உடைந்த போத்தலும் சிப்பியும்தான் காலைப் பதம் பார்க்கும், செருப்போடு விடுங்கள்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐதரசன் சல்பைட்டும், அழுகலில் வருகிற அமோனியாவும் தாங்களே பூச்சியைக் கொல்லும். ரெபொக்ஸினியஸ் என்ற அம்பிபொட் இனத்துக்கு லீற்றருக்கு 30 மில்லிகிராம் அமோனியா மேல் எல்லை, இயோஹவுஸ்டோரியஸ் என்ற இன்னொரு இனம் 60 வரை தாங்கும். எல்லைக்கு மேல் போனால் மேல்நீரை மாற்றி மாற்றி அமோனியாவை இறக்கிவிட்டுத்தான் பூச்சியை விட வேண்டும். இல்லாவிட்டால் இலை அழுகினதுக்கு வள்ளக்காரர் மேல் பழி விழும்.

கேள்வி: என் மகன் வன்கூவரில் இருக்கிறான். நீங்கள் சொல்லும் பூச்சிகளை அங்கிருந்தே பார்சலில் எடுத்தால் என்ன? அவர்களிடம்தானே எல்லா அட்டவணையும் இருக்கு.
— ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், மானிப்பாய்

பதில்: ஐயா, மகனுக்கு அந்தச் செலவு வேண்டாம். ரெபொக்ஸினியஸ் குளிர்காரன். அமெரிக்காவின் ஒரேகன் கரையில், நியூபோர்ட் ஊரில் ரிச்சர்ட் சுவார்ட்ஸும் கூட்டாளிகளும் 1980களின் முற்பகுதியில் சோதனைக்குப் பழக்கிய இனம் அது. 15 பாகை செல்சியசில் வைத்துத்தான் சோதிப்பார்கள். நம் பரவைக்கடல் மத்தியானத்தில் அதன் இரண்டு மடங்கு. இங்கே இறக்கினால் எந்தச் சேறும் தேவையில்லை, தானாகவே செத்துப்போகும். உப்பும் அதற்குக் கடல் அளவு வேண்டும். களி கூடிய மென்சேறும் ஒத்துவராது, சுத்தமான களியிலேயே சாவு கூடும்.

இயோஹவுஸ்டோரியஸ் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆயிரத்துக்கு 2 பங்கு உப்பிலிருந்து 34 வரை சமாளிக்கும். மாரியில் நன்னீரும் சோளகக் காலத்தில் உவர்ப்பும் மாறி மாறி வருகிற நம் கடலுக்கு இந்தக் குணம்தான் தேவை. ஆனால் அதுவும் 15 பாகைக்காரன்.

எனக்கு நம்பிக்கை கிராண்டிடியெரெல்லா என்ற இனக்குழுவில். வெப்ப நாட்டுக் களப்புகளிலும் கழிமுகங்களிலும் பரவி வாழ்வது. சேற்றில் குழாய் கட்டிக் குடியிருக்கும். அதன் யப்பான் உறவு ஒன்றைக் கலிபோர்னியாவிலும் யப்பானிலும் சோதனைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அரிதட்டும் வாளியும் எடுத்துக்கொண்டு மண்டைதீவுப் பக்கம் இரண்டு தரம் இறங்கினேன். அம்பிபொட்டுகள் வந்தன, ஆனால் என் கண்ணுக்கு இனம் பிரிக்க ஏலாது. இப்போது கண்ணாடி போட்டாலும் நூல் கோர்க்க மனைவியைத்தான் கூப்பிடுகிறேன். விலங்கியல் படிக்கிற ஒரு பிள்ளை நுணுக்குக்காட்டியோடு உட்கார்ந்தால் ஒரு வருசத்துக்குள் இங்கத்தைய பூச்சி எது, எந்த வெப்பத்தில், எந்த உப்பில் தொண்ணூறு வீதம் பிழைக்கும் என்று சொல்லிவிடலாம். அட்டவணை கனடாவில் இருக்கட்டும், நமக்கு வேண்டிய அட்டவணை இன்னும் சேற்றுக்குள் இருக்கிறது.

கேள்வி: உயர்தரம் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். பாடசாலைச் செயற்திட்டத்துக்கு இப்படி ஒரு சோதனை செய்ய ஆசை. அம்பிபொட் கிடைக்கவில்லை. மீன் தொட்டிக் கடையில் ஆர்ட்டீமியா முட்டை விற்கிறார்கள். அதை வைத்துச் செய்யலாமா?
— மாணவி, பருத்தித்துறை

பதில்: செய்யலாம் பிள்ளை. ஆனால் தலைப்பை மாற்ற வேண்டும். ஆர்ட்டீமியாவும் இறால், அம்பிபொட் போலக் கிரஸ்ரேசியாதான், ஆனால் நீந்துகிற பிராணி, சேற்றைத் தொடாது. ஆகவே நீ சேற்றைச் சோதிக்கவில்லை, சேற்றைக் கழுவிய நீரைச் சோதிக்கிறாய்.

கடல்நீரில் முட்டையைப் போட்டு, விளக்கின் கீழ், காற்று ஊதி, 28 பாகை அளவில் வை. ஒரு நாளில் பொரிக்கும். வெளிச்சத்தைக் கண்டால் ஓடிவரும், ஆகவே போத்தலின் ஒரு மூலையில் ரோச் அடித்தால் குஞ்செல்லாம் அங்கே கூடும், பிப்பெட்டால் எடுக்கலாம். இன்னொரு நாள் பொறுத்து எடுத்தால் கூட உணர்வுள்ளதாக இருக்கும். அன்று பொரித்தது வயிற்றில் மஞ்சட்கருவோடு வாய் திறக்காமல் இருக்கும், நஞ்சைக் குடிக்காது.

ஒரு பங்கு சேறு, நாலு பங்கு சுத்தக் கடல்நீர். அரை மணித்தியாலம் கலக்கு, ஒரு மணித்தியாலம் அடைய விடு, மேலே தெளிந்ததை எடு. அதை அப்படியே ஒன்று, பாதியாக்கி ஒன்று, காலாக்கி ஒன்று, பிறகு வெறும் கடல்நீர். ஒவ்வொன்றுக்கும் மூன்று கிண்ணம், கிண்ணத்துக்குப் பத்துக் குஞ்சு. 24 மணித்தியாலம் கழித்து எண்ணு. பத்து விநாடி அசையாமல் கிடந்தால் செத்தது என்று எடு. வெறும் கடல்நீரில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் செத்தால் திரும்பச் செய். வெட்கப்படாதே, நான் 800 பூச்சியைக் கொட்டியவன்.

ஆர்ட்டீமியா உப்பளத்தில் வாழப் பழகினது, தோல் தடித்தவன். அது பிழைத்ததால் சேறு நல்லது என்று எழுதிவிடாதே. அது செத்தால் மட்டும் பயப்படலாம். குஞ்சுகளுக்கு உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, ஆசிரியரின் முன்னிலையில் செப்புச் சல்பேற்றுக் கரைசலைப் பல செறிவில் வைத்துப் பார். நாங்கள் காட்மியம் குளோரைட்டை வைத்துப் பார்ப்போம், அது பாடசாலைக்கு வேண்டவே வேண்டாம். செப்புக் கரைசலைப் பிறகு வாய்க்காலில் ஊற்றாதே, ஆசிரியரிடம் கொடு. அதையும் அறிக்கையில் எழுதினால் புள்ளி போடுகிறவருக்கு உன்மேல் மரியாதை வரும்.

கேள்வி: ஒரு சேற்றுக்கு நூறு உயிரென்று போன இதழில் எழுதியிருந்தீர். பாவம் இல்லையா, மோனை?
— ஓர் ஆச்சி, நல்லூர்

பதில்: இருக்கு ஆச்சி. அங்கே வேலையில் சேர்ந்த முதல் வருசம் வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறி மட்டும், அந்தக் கையாலேயே ஆய்வுகூடத்தில் நூறு உயிரை எண்ணிக் கொட்டுவேன். ஒரு நாள் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் மரக்கறியை விடவில்லை. பிழைத்ததுகளைச் சோதனைக்குப் பிறகு நல்ல சேற்றில் விட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பப் புதைகிறதா என்று பார்ப்போம். அதுவும் சோதனையின் ஒரு பகுதிதான், ஆனால் எனக்கு அது ஆறுதல். புதையத் தெரியாமல் மேலே தடுமாறுகிறது உயிரோடு இருந்தும் பிழைக்காது. ஆற்றில் என்றாலும் கடலில் என்றாலும் அதை அடுத்த மீன் விழுங்கியிருக்கும்.

கேள்வி: பூச்சி பிழைச்சால் அந்த இடத்து நண்டைத் தின்னலாமோ?
— நாவாந்துறை வாசகர்

பதில்: இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பத்து நாளில் கொல்லாத நஞ்சு பத்து வருசம் கொழுப்பில் சேரலாம். அதைப் பார்க்க வேறு சோதனை, மட்டியையும் சேற்றுப் புழுவையும் 28 நாள் அந்தச் சேற்றில் வளர்த்து, பிறகு அவற்றின் இறைச்சியைப் பகுப்பாய்வு செய்வார்கள். நண்டைத் தின்கிற கேள்விக்கு நண்டின் இறைச்சியைத்தான் சோதிக்க வேணும். நான் தின்கிறேன், ஆனால் வாய்க்கால் விழுகிற இடத்து நண்டு வேண்டாம் என்று சந்தையில் முதலே சொல்லிவிடுவேன். விற்கிறவர் சிரிப்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்: போன மாதம் யாரோ ஒரு அன்பர் ஜாம் போத்தலில் சேறு அடைத்து, பழைய பேப்பரில் சுற்றி, பேருந்தில் அனுப்பியிருந்தார். வெயிலில் எத்தனை நாள் கிடந்ததோ, மூடியைத் திருகியதும் பொஸ்ஸென்று சீறிக் குசினிச் சுவரெல்லாம் புள்ளி. அந்தச் சேற்றை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது. எடுத்த சேற்றை வாய்வரை நிரப்பி, காற்று இடைவெளி இல்லாமல் மூடி, ஐஸ் பெட்டியில் இருட்டில் 4 பாகையில் வைத்தால் ஒழிய, போத்தலுக்குள் இருப்பது கடலில் இருந்த சேறு அல்ல, வேறொன்று. அனுப்பாதீர்கள். அனுப்பத்தான் வேணும் என்று தோன்றினால் ஒரு தபாலட்டை போதும்: உங்கள் ஊர்க் கரையில் சாதாழை செழிப்பாக நிற்கிற, வாய்க்கால் எதுவும் விழாத, வள்ளம் கட்டாத இடம் எது, அங்கே எந்த மாதத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருக்கும் என்று எழுதுங்கள். அரிதட்டு என் வீட்டில் இருக்கிறது.